சிரிஞ்சைக் கையில் கொடுத்துச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

நோயாளியிடம் பேசும் முறை, 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல் ‘ஏட்காம்’ (மனப்பான்மை, நெறிமுறை, தொடர்பாடல்) என்ற பகுதியாகப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதையும் விரிவுரையாக நடத்தி வருகைப் பதிவோடு முடித்தால் ஒரு பயனும் இல்லை.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் (மருந்துக் குழல்) 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 40 யூனிட் குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை (0.2 மில்லி) இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, விவரம் தெரியாத மருத்துவர் அளவைக் கூட்டுவார். கார்ட்ரிட்ஜ் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20-க்கு (0.5 மில்லி) இழுத்தால் 50 யூனிட். உயிருக்கே ஆபத்து.

இந்தக் கணக்கைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதும் மாணவர், ஓ.பி.யில் ‘காலைல 20, ராத்திரி 10, புரிஞ்சுதாம்மா?’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். புரியாவிட்டாலும் ‘சரிங்க டாக்டர்’ என்றுதான் பதில் வரும். பின்னால் வரிசை நிற்கிறதே!

‘நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், வீட்ல எப்படி இழுப்பீங்க, செஞ்சு காட்டுங்கம்மா’ என்று கேட்கப் பழக்க வேண்டும். விளக்கிச் சொன்ன டாக்டர் மேலேயே குறை இருக்கலாம் என்று ஆரம்பித்தால் நோயாளி கூச்சப்பட மாட்டார். குப்பியையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்தால்தான் தவறு வெளியே வரும்: கலங்கலான கலப்பு இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டாமல் குலுக்குவார்கள், காற்றுக் குமிழோடு இழுப்பார்கள், கண் மங்கியவர்களுக்குக் கோடே தெரியாது. தவறிய படியை மட்டும் திருத்தி மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். ஊசி போடுவது மகளோ மருமகளோ என்றால் அவரைத்தான் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டக் கூடாது. எந்தக் கோடு, போட்ட பின் சாப்பாட்டைத் தவறவிடாதது, ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி வியர்த்து நடுங்கினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடத்தில் மறுபடி சோதிப்பது: முதல் நாளுக்கு இவை போதும்.

செய்முறைத் தேர்வில் இதற்கு 5 நிமிடம் ஒதுக்கலாம். மேஜையில் ஒரு குப்பி, இரண்டு வகை சிரிஞ்சுகள். வணக்கம் சொன்னதற்கும் புன்னகைக்கும் மதிப்பெண் தருவது சுலபம்தான். ஆனால் மாணவர் விளக்கி முடித்ததும் ‘நோயாளி’ எடுக்கும் சிரிஞ்சு தவறானால் மதிப்பெண் கிடையாது என்று விதி இருக்கட்டும். அந்த வேடத்துக்கு ஜூனியர் மாணவர் வேண்டாம், அவருக்கு விடை முன்பே தெரியும். அலுவலக ஊழியர் ஒருவரை உட்கார வைக்கலாம்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி