எஸ்பிடி பில்ட் சிக்கலைத் தீர்த்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்காலா என்ற நிரல்மொழிப் பயிற்சிக்காக நாங்கள் அனுப்பிய கோப்புப் பொதி, நிரலைக் கட்டித் தரும் எஸ்பிடி என்ற கருவியில், விண்டோஸ் கணினிகளில் கம்பைல் ஆகவில்லை (கணினி இயக்கும் வடிவத்துக்கு மாறவில்லை) என்று பலர் எழுதியிருந்தீர்கள். இப்போது ஆகிறது. உதவியவர்களிடம் போனில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, எரர் வரிகளை வெட்டாமல் குறைக்காமல் அப்படியே அனுப்பிய மாணவிக்கு. 'இல்லீகல் கேரக்டர்' என்ற செய்தி, அதற்கு முன்னால் கோப்பின் முழுப் பாதை, கோப்பின் பெயர், முதல் வரி. அந்தப் பெயரை உற்றுப் பார்த்தால், 'மெயின்.ஸ்காலா' என்பதற்கு முன்னால் ஒரு புள்ளியும் ஓர் அடிக்கோடும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் "கம்பைல் ஆகலை சார்" என்று மட்டும் எழுதியிருந்தால், ஒரு குறையும் இல்லாத மெயின்.ஸ்காலாவைத்தான் நாங்கள் வரிவரியாகத் துருவிக்கொண்டு இருந்திருப்போம்.

அடுத்து, அந்தக் கோப்பை பைட் பைட்டாகத் திறந்து பார்த்த நண்பருக்கு. 00 05 16 07 என்று தொடங்கியது. கொஞ்சம் தள்ளி 'மேக் ஓஎஸ் எக்ஸ்' என்ற எழுத்துகள் வெளிப்படையாகவே தெரிந்தன. இது ஆப்பிள்டபுள் வடிவம் என்று அவர் உடனே சொல்லிவிட்டார். மேக் கணினி ஒரு கோப்போடு சில கூடுதல் விவரங்களை வைத்திருக்கும். பல கோப்புகளை ஒன்றாக்கி டார் பொதி கட்டும்போது அவற்றை இப்படி ஒரு துணைக்கோப்பில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துவிடும். மேக்கிலேயே பிரித்தால் இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும். வேறு கணினியில் பிரித்தால் துணைக்கோப்பு தனியாக நிற்கும். பெயர் என்னவோ '.ஸ்காலா' என்றுதான் முடிகிறது. உள்ளே ஒரு வரி ஸ்காலாகூடக் கிடையாது.

சரி, அதே பொதியை லினக்ஸில் பிரித்தவர்களுக்கு மட்டும் ஏன் எல்லாம் ஒழுங்காக ஓடியது? இதை விளக்கியவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். எஸ்பிடி எந்தக் கோப்பைக் கம்பைலருக்குக் கொடுப்பது என்பதை இரண்டு வடிகட்டிகளை வைத்து முடிவு செய்கிறது. இன்க்ளூட்ஃபில்டர் '.ஸ்காலா', '.ஜாவா' என முடியும் கோப்புகளைச் சேர்க்கும். எக்ஸ்க்ளூட்ஃபில்டர் மறைந்த கோப்புகளை விலக்கும். மறைந்த கோப்பா இல்லையா என்பதை, தான் ஓடும் தளமான ஜாவாவிடம்தான் கேட்கிறது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் பெயர் புள்ளியில் தொடங்கினாலே அது மறைந்த கோப்பு. விண்டோஸில் பெயருக்கு அந்த மதிப்பு இல்லை. கோப்பின் மேல் 'ஹிட்டன்' என்ற குறி இருக்க வேண்டும். ஆகவே லினக்ஸில் தானாக விலகிப்போன அதே கோப்பு, விண்டோஸில் நேராகக் கம்பைலரிடம் போய் நின்றுவிட்டது. 'ஷோ அன்மேனேஜ்ட்சோர்ஸஸ்' என்று எஸ்பிடி ஷெல்லில் தட்டினால் சோர்ஸ் கோப்புறைகளிலிருந்து கம்பைலுக்குப் போகும் கோப்புகளின் பட்டியல் வரும் என்று சொல்லித் தந்தவரும் இவர்தான். இரண்டு கணினிகளிலும் தட்டிப் பார்த்தோம். விண்டோஸ் பட்டியலில் ஒவ்வொரு கோப்பும் அதன் துணைக்கோப்போடு ஜோடியாக நின்றது.

அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள் என்று அவர் ஒரே வரியில் முடித்திருக்கலாம். அடுத்தவர் பொதியைப் பிரிக்கும்போது இதே தொல்லை திரும்ப வரும் என்று, விலக்கும் விதியை பில்ட் கோப்பிலேயே எழுத வைத்தார். அன்மேனேஜ்ட்சோர்ஸஸுக்கான எக்ஸ்க்ளூட்ஃபில்டரில், ஹிட்டன்ஃபைல்ஃபில்டர் (மறைந்த கோப்பை விலக்கும் பழைய விதி) அல்லது '._*' (அப்படித் தொடங்கும் எந்தப் பெயரும்) என்று ஒரே ஒரு வரி. இங்கே அவர் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். '._*' மட்டும் எழுதினால் பழைய விதி போய்விடும். அப்புறம் லினக்ஸில் ஈமேக்ஸ் என்ற எடிட்டர் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சேமிக்காத மாற்றம் இருக்கும்வரை ஈமேக்ஸ் '.#மெயின்.ஸ்காலா' என்று, எங்கும் போய்ச் சேராத ஒரு இணைப்பைப் பூட்டாக வைத்திருக்கும். புது விதியைப் பழையதோடு சேர்க்க வேண்டுமே தவிர, அதன் இடத்தில் வைக்கக் கூடாது. இந்த வரியைக் கம்பைல், டெஸ்ட் என்று பிரிக்காமல் பொதுவாக எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும் என்பதும் அவர் சொன்னதே.

நிரலோடு சேர்ந்து போகும் மற்றக் கோப்புகள் இருக்கும் ரிசோர்ஸஸ் கோப்புறையையும் பார்க்கச் சொன்னவர் எங்கள் குழுவின் இளையவர். அதற்கு வடிகட்டி தனி. அங்கே துணைக்கோப்பு கிடந்தால் எரர் எதுவும் வராது, சத்தமில்லாமல், முடிந்த நிரலின் பொதியான ஜார் கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். திறந்து பார்த்தோம், இருந்தது. இப்போது அன்மேனேஜ்ட்ரிசோர்ஸஸுக்கும் அதே வரியைப் போட்டிருக்கிறோம். தம்பி, நீ கேட்டிருக்காவிட்டால் அது இன்னும் எத்தனை நாள் அங்கேயே இருந்திருக்குமோ!

எஸ்பிடியைத் தொடங்கிய மார்க் ஹாராவுக்கும், நெடுங்காலமாக அதைப் பேணிவரும் யூஜீன் யோகோட்டாவுக்கும், அதில் பங்களித்த அனைவருக்கும் எங்கள் நன்றி. இந்த வடிகட்டிகளைப் பயனர் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு வரியில் வேலை முடிந்தது. ஆன்ட் என்ற இன்னொரு பில்ட் கருவியை உருவாக்கியவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். '._' கோப்பு, '~' என முடியும் பிரதி, ஈமேக்ஸ் பூட்டு எல்லாமே அவர்களுடைய இயல்பு விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. கிரேடில் என்ற பில்ட் கருவியும் அந்தப் பட்டியலைத்தான் பின்பற்றுகிறது. எதை விலக்கலாம் என்று நாங்கள் யோசித்தபோது முதலில் புரட்டியது அதைத்தான்.

புதிய பொதியை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் 'கிட் ஆர்க்கைவ்' கட்டளை கொண்டு கட்டியிருக்கிறோம். கிட்டில் பதிவானவை மட்டுமே அதில் இருக்கும். மேக்கில் டார் கொண்டே கட்டுபவர்கள் 'காப்பிஃபைல்_டிஸேபிள்' என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்பு கொடுத்துவிட்டால் துணைக்கோப்புகள் சேராது. பழைய பொதியைப் பிரித்து வைத்திருப்பவர்கள் அந்தக் கோப்புறையை நீக்கிவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் இன்னும் எரர் வந்தால், அந்த மாணவி செய்தது போல முழுவதையும் ஒட்டி அனுப்புங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
பயிற்சிக் குழுவின் சார்பில்