குட்டி பிரான்ஸும் குவார்ட்டர் பாட்டிலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இணைப்பிதழில் புதுச்சேரி பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி: இந்தக் குட்டி பிரான்ஸில் பாதிப் பேர் பிரெஞ்சில் பேசுவார்களாம், மீதிப் பேர் போதையில் பேசுவார்களாம். எழுதியவருக்குச் சிரிப்பு வந்திருக்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரனான எனக்கு வரவில்லை.

நான் 11 வருஷம் பாரிஸ் பக்கம் ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்தவன். இந்திப் பாட்டு ஒன்று பாடு என்பார்கள், தெரியாது என்றால் அப்போ நீ இந்தியனே இல்லையா என்பார்கள், ஊரில் பாம்பாட்டி இருக்கிறானா, தினமும் பட்டர் சிக்கன்தானா என்பார்கள் (அதை நான் முதலில் சாப்பிட்டதே பாரிசில்தான் ஐயா). பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒவ்வொருத்தருக்கும் விளக்கினேன், சலித்துக்கொள்ளவில்லை. அவர்களாவது கேட்டார்கள். நீங்கள் கேட்காமலே அச்சடித்துவிட்டீர்கள்.

எங்கள் தெருவில் பிரெஞ்சு தெரிந்தவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா (சிப்பாய்) தாத்தா ஒருவர்தான், அவரும் திட்டுவது தமிழில். போதையா? கடைகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. சனிக்கிழமை சாயந்தரம் அந்தக் கடை வாசல்களில் நிற்கும் கார்களின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், பி.ஒய். எத்தனை, டி.என்., கே.ஏ. எத்தனை என்று. 1998-ல் என் அண்ணனுக்கு விழுப்புரத்தில் பெண் பார்க்கப் போனபோது, காபி கொடுப்பதற்கு முன்பே "பாண்டி மாப்பிள்ளை, தண்ணி போடுவாரோ?" என்றார்கள். அவர் சோடாகூடக் குடிக்க மாட்டார்.

அப்புறம், குட்டி பிரான்ஸ் என்று கொஞ்சுகிறீர்களே, 1936 ஜூலை 30-ல் இங்கே ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக் கொன்றதும் அந்தப் பிரெஞ்சு ஆட்சிதான். 1954-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். ஆசிரியரான உங்களுக்குத் தெரியாததா?

சரி, ஒரே ஒரு வேண்டுகோள். 'பிரெஞ்சு வெற்றி வளைவு' என்று படத்துக்குக் கீழே போட்டிருக்கிறீர்களே, அது பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபம். தன் வீட்டை இடித்து ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று நாங்கள் கதை சொல்லும் ஆயியின் பெயரில் நிற்பது. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் திருத்தம் போட்டால் போதும். அந்தப் போதை வரியை என்ன செய்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி