எனக்கும் ஒரு முறைப்பணி தந்தவர்களுக்கு: போப்ராட் நகரிலிருந்து ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்லோவாக்கியாவின் வடபகுதியில், உயர் தாத்ரா மலைகளின் அடிவாரத்தில் உள்ள போப்ராட் நகரத்துப் பள்ளி ஒன்றில், ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்தின் வழியாக இந்தக் கல்வியாண்டைப் படிப்பதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாணவி நான். அக்டோபர் இறுதியில் வரும் இலையுதிர்கால விடுமுறைக்காகப் பள்ளி மூடியிருக்கிறது. இந்த ஓய்வில், என் தொடக்க நாட்களில் எனக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். ஒருவர் பெயரையும் குறிப்பிடவில்லை. அவர்கள் தங்களைத் தாங்களே அடையாளம் கண்டுகொள்வார்கள். இவ்வளவையும் ஸ்லோவாக் மொழியில் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் கற்கவில்லை என்பதால் முதலில் தமிழில் எழுதுகிறேன். பிள்ளையை அத்தனை தொலைவுக்கு அனுப்பிவிட்டு, அங்கே அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கவலைப்படும் நம் ஊர்ப் பெற்றோர் சிலராவது இதைப் படிக்கட்டும் என்ற விருப்பமும் எனக்கு உண்டு.

முதல் நன்றி, என்னைத் தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்ட குடும்பத்துக்கு உரியது. இந்தத் திட்டத்தில் மாணவரை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் அதற்கென ஊதியம் எதுவும் பெறுவதில்லை என்பதை இங்கு வரும் முன்பே அறிந்திருந்தேன். ஆனால் அதன் முழுப் பொருளை, நான் வந்த மறுநாளே அந்த வீட்டுத் தாய் பாத்திரம் கழுவும் முறை அட்டையில் தம் மகனின் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதியபோதுதான் உணர்ந்தேன். விருந்தினரை யாரும் வேலை செய்யச் சொல்வதில்லை. அந்த அட்டையில் என் பெயர் ஏறியதும், நான் அந்த வீட்டில் விருந்தாளி அல்ல என்பது எனக்குத் தெளிவாயிற்று. அவர்கள் எனக்குச் செய்த உதவிகள் பல. அவற்றுள் முதலில் வைத்துப் போற்றுவது இதைத்தான். பள்ளி தொடங்குவதற்கு முன்தினம் அவர் என்னைக் கடைக்கு அழைத்துச் சென்று, பள்ளிக்குள் மட்டும் அணிவதற்கான செருப்பு ஒரு சோடி வாங்கித் தந்தார். இங்கே தெருவில் நடந்த காலணியோடு வகுப்புக்குள் நுழைவதில்லை. கீழ்த்தளத்து அறையில் காலணியை மாற்றிக்கொண்ட பிறகே மாடிப்படி ஏற வேண்டும். அந்தச் செருப்பு இல்லாமல் முதல் நாள் வாசலிலேயே தயங்கி நின்றிருப்பேன்.

கல்வியாண்டின் தொடக்க விழா செப்டம்பர் 1 அன்று பள்ளி முற்றத்தில் நடந்தது. 1992ஆம் ஆண்டு ஸ்லோவாக்கிய அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட நாளும் அதுவே. தாத்ரா மலைமீது மின்னல் வெட்டுவதைப் பாடித் தொடங்கும் நாட்டுப்பண் ஒலிக்கவிருந்த நேரத்தில், அதற்குச் சற்று முன்பாக வரலாற்று ஆசிரியர் என் அருகில் வந்து நின்று, நிதானமான ஆங்கிலத்தில் அதன் பின்னணியைச் சொன்னார். இன்றைய தலைநகர் பிராத்திஸ்லாவாவில் இருந்த கல்விக்கூடத்தில், ஸ்லோவாக் தேசிய இயக்கத்தின் தலைவரான லூடோவிட் ஷ்டூர் ஆசிரியப் பணியிலிருந்து நீக்கப்பட்டதை எதிர்த்து, 1844இல் மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டு வெளியேறினார்கள். அந்தக் கொந்தளிப்பின் நடுவில்தான் அவர்களுள் ஒருவரான யான்கோ மட்டுஷ்கா இந்தப் பாட்டை எழுதினார். வெளியேறியவர்களில் பலர் எங்கள் நகருக்குக் கிழக்கே அருகிலேயே இருக்கும் லெவோச்சாவுக்குச் சென்று படிப்பைத் தொடர்ந்தார்கள். என்னைப் போன்ற பள்ளி வயதினரை ஒட்டிய இளைஞர்களின் செயல் ஒரு நாட்டின் பண்ணாக நிலைத்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டு, எதிரே தெரிந்த அதே மலைகளைப் பார்த்தபடி எல்லோருடனும் எழுந்து நிற்கும் பேற்றை அந்த ஆசிரியர் எனக்குத் தந்தார். ஒரு புதிய மாணவிக்காக விழா நேரத்தில் தம் வரிசையை விட்டு வந்தவருக்கு என் வணக்கம்.

இனி, எங்கள் வகுப்பாசிரியருக்கு. நான் சேர்ந்திருப்பது கிம்னாசியம் எனப்படும் பள்ளியின் இரண்டாம் ஆண்டு. நான்கு ஆண்டுப் படிப்பின் முடிவில் மத்துரிதா என்னும் இறுதித் தேர்வை எழுதி, இங்குள்ளவர்கள் பல்கலைக்கழகம் செல்வார்கள். ஆசிரியர் நுழையும்போது மாணவர்கள் எழுந்து நிற்பது நம் பள்ளிகளைப் போலத்தான். ஆனால் இங்கே வாரத்துக்கு இருவர் பொறுப்பாளர்களாக இருப்பார்கள். கரும்பலகையைத் துடைத்து வைப்பதும், ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் எழுந்து அன்று வராதவர் யார் யார் என்று ஆசிரியருக்கு அறிவிப்பதும் அவர்கள் வேலை. முதல் வாரம் முடிந்ததும் அடுத்த வாரத்துப் பொறுப்பை வகுப்பாசிரியர் எனக்கும் என் பக்கத்து இருக்கைத் தோழிக்கும் கொடுத்தார். மொழி தெரியாத பெண்ணுக்கு இது வேண்டாமே என்று வகுப்பில் ஒருவர் பரிவோடு சொன்னதையும், அதற்கு ஆசிரியர் இணங்காததையும் தோழி பின்னர் எனக்குச் சொன்னாள்.

அந்த வாரத்துக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. வராதவர் யார் என்று சொல்ல வேண்டுமானால், வந்திருப்பவர் ஒவ்வொருவரையும் பார்த்தாக வேண்டும். பெயரைச் சரியாக ஒலித்தாக வேண்டும். அதுவரை எனக்கு ஒரு கூட்டமாக மட்டுமே தெரிந்த வகுப்பு, சன்னலோரத்தில் எப்போதும் தாமதமாக வந்து அமர்பவர், இரண்டாம் வரிசையில் இருமலோடு இருந்தவர், பனி வளைகோற்பந்துப் பயிற்சிக்காகச் சில வேளைகள் விடுப்பில் இருப்பவர் என்று தனித்தனி மனிதர்களாக விரிந்தது. என் வாயில் அவர்கள் பெயர்கள் தடுமாறியபோது யாரும் சிரிக்கவில்லை. பெயருக்கு உரியவரோ, அவர் இல்லாதபோது அவருடைய நண்பரோ, மெல்ல அதைத் திருத்திச் சொன்னார்கள். வார இறுதிக்குள் வகுப்பில் எல்லோருடைய பெயரும் எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை அறிமுகப்படுத்தி ஒரு கூட்டம் நடத்தியிருந்தால் அவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். இந்தப் பொறுப்பினாலோ எனக்கு அவர்களைத் தெரிந்தது. புதிதாக வந்தவளுக்கு முன்னதைவிடப் பின்னது எத்தனை மடங்கு தேவை என்பதை உணர்ந்திருந்த எங்கள் வகுப்பாசிரியருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பக்கத்து இருக்கைத் தோழிக்கு எழுதத் தொடங்கினால் மடல் முழுவதும் அவளுக்கே போய்விடும். பாடவேளை அட்டவணையில் ஒவ்வொரு பாடமும் மூன்றெழுத்துச் சுருக்கமாகத்தான் இருக்கும், மொழிப் பாடங்களுக்கும் கணினிப் பாடத்துக்கும் வகுப்பு இரண்டாகப் பிரியும், அறைகளும் மாறும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் வண்ணம் பிரித்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் விளக்கி, என் குறிப்பேட்டின் உள்ளட்டையில் ஒட்டித் தந்தாள். ஆசிரியர் ஒருவர் வராவிட்டால் மறுநாள் பாடவேளைகள் மாறுவதும், மதிப்பெண் பதிவதும், எல்லா அறிவிப்பும் எட்யூபேஜ் என்னும் செயலியில்தான் வரும். அது எனக்குப் பழகும் வரை ஒவ்வொரு மாலையும் மறுநாளைய மாற்றங்களைச் செய்தியாக அனுப்பினாள். இதை அவள் ஒரு வேலையாகவே எண்ணவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

புவியியல் ஆசிரியைக்கு என் தனி நன்றி. இங்கே பாடவேளையின் தொடக்கத்தில் ஒருவரைக் கரும்பலகை அருகே அழைத்து, முந்தைய பாடத்தில் வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, அங்கேயே 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவது வழக்கம். 1 என்பதே மிகச் சிறந்தது, 5 என்றால் தேர்ச்சியில்லை. என்னை விட்டுவிடுவார் என்றே வகுப்பில் பலரும் எதிர்பார்த்தார்கள். அவரோ, குடியிருக்கும் நாட்டை முதலில் அறிய வேண்டும் என்று சொல்லி, பெயர்கள் அச்சிடப்படாத ஸ்லோவாக்கிய வரைபடம் ஒன்றைத் தந்து, ஆறுகளையும் மலைகளையும் படித்து வரச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மற்றவர்களை அழைப்பது போலவே என்னையும் அழைத்தார். வாஹ், ஹ்ரோன் ஆகிய ஆறுகளைக் காட்டினேன். போப்ராட் ஆற்றைக் காட்டியபோது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டார். இந்நாட்டின் ஆறுகள் பெரும்பாலும் தெற்கே தன்யூபை நோக்கி ஓடிக் கருங்கடலில் கலக்க, எங்கள் ஊர் ஆறு மட்டும் வடக்கே திரும்பிப் போலந்துக்குள் சென்று, அந்நாட்டு ஆறுகளோடு சேர்ந்து பால்டிக் கடலை அடைகிறது. அதைச் சொன்னேன், ஒரு மலையின் இடத்தைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அவர் எனக்கு இட்டது 2. வெளிநாட்டு மாணவி என்பதற்காக 1 இட்டிருந்தால் அது அன்போடு கொடுத்த பரிசாக மட்டுமே இருந்திருக்கும். அந்த 2 எனக்கு உரியது. அதை அன்று மாலையே கோயம்புத்தூரில் என் அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தேன்.

பள்ளி உணவுக்கூடத்தில் பணியாற்றும் அம்மாக்களை நினைக்காத நண்பகல் எனக்கு இல்லை. இங்கே மதிய உணவை முன்கூட்டியே பதிவு செய்து, சிப் வைத்த அட்டையைக் காட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும். முதலில் சூப், பிறகு முதன்மை உணவு. நான் இறைச்சி உண்பதில்லை. முதன்மை உணவைப் பட்டியலில் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். சூப்பில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாது. கரண்டியோடு நிற்கும் அம்மா ஒருவர் இதை எப்படியோ அறிந்துகொண்டார். அன்று முதல் நான் வரிசையில் வரும்போதே, இறைச்சிச் சாறு இல்லாத நாளென்றால் தலையசைத்துத் தட்டை நீட்டச் சொல்வார். இருக்கும் நாளென்றால் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, இன்னொரு துண்டு ரொட்டியைத் தட்டில் வைப்பார். கசகசாவும் சர்க்கரையும் தூவிய உருளைக்கிழங்கு உருண்டைகளை மதிய உணவாகவே பரிமாறும் நாட்களில், நான் விரும்பி உண்பதைப் பார்த்துக் கூடுதலாகவே தருவார். எங்களுக்குள் இதுவரை பத்துச் சொற்களுக்கு மேல் பேச்சு நடந்ததில்லை.

செப்டம்பரில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்களுக்கு வரைபடம் பார்த்து நடப்பதும் முதலுதவியும் கற்பிக்கும் ஒரு நாள் பயிற்சி இருந்தது. போப்ராடிலிருந்து தாத்ரா மின்தொடர்வண்டியில் ஏறி, 1,494 மீட்டர் உயரத்தில் இருக்கும் போப்ராட்ஸ்கே ஏரிக்கு நடந்து சென்றோம். புறப்படும் முன் உடற்கல்வி ஆசிரியர் மலை மீட்புப் பணியின் அவசர எண்ணான 18300ஐ ஒவ்வொருவரும் கைப்பேசியில் பதிந்திருக்கிறோமா என்று பார்த்த பிறகே வழிவிட்டார். மழை பிடித்தபோது தன் உதிரி மேலங்கியை எனக்குப் போர்த்திய மாணவருக்கும், மலையேறிப் பழகாத என் நடைக்கேற்பத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்ட கடைசி வரிசை நண்பர்களுக்கும் நன்றி. முதலுதவிப் பையைச் சுமக்கும் முறை எனக்கும் வந்தது. ஏரிக்கு அருகே, மலையில் உயிரிழந்தவர்களுக்காக 1940இல் திறக்கப்பட்ட நினைவிடம் இருக்கிறது; செதுக்கிய மரச்சிலுவைகளும் பாறைகளில் பதித்த பெயர்ப் பலகைகளும் நிறைந்த இடம். இறந்தவர்களின் நினைவுக்கும் உயிரோடு இருப்பவர்களின் எச்சரிக்கைக்கும் என்று அங்கே பொறித்திருப்பதைத் தோழர்கள் எனக்கு மொழிபெயர்த்தார்கள். 18300ஐ ஆசிரியர் ஏன் அத்தனை கண்டிப்போடு கேட்டார் என்பது அங்கே நின்றபோது புரிந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் வெளிநாட்டவர் காவல் அலுவலகத்தில் தங்கள் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குரிய தாள்களை வரிசைப்படுத்தித் தந்த ரோட்டரி ஆலோசகருக்கும், கோஷித்சே நகரில் மருத்துவம் படித்துக்கொண்டே, தொடர்வண்டியில் வந்து எனக்காக மொழிபெயர்த்து, கையோடு ஒரு புட்டி புளிக்காய்ச்சலும் கொடுத்துச் சென்ற தமிழ் அக்காவுக்கும் நன்றி. வழி தெரியாமல் மாடிகளில் சுற்றியபோதெல்லாம் தம் வேலையை நிறுத்திவிட்டு அறை வாசல் வரை கூட வந்த பள்ளிப் பராமரிப்பாளருக்கும், வார இறுதியில் பிளம் பழங்களின் கொட்டை நீக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்து, அவை பெரிய பானையில் பாகாகக் காய்ந்து முடியும் வரை கிளறவும் கற்றுத்தந்த, நான் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டிக்கும் நன்றி.

நிறைவாக, ஸ்லோவாக் மொழி ஆசிரியைக்கு. வகுப்பு முழுவதும் இலக்கியப் பகுதிகளை ஆராய்ந்துகொண்டிருக்கும் வேளையில், எனக்கென ஒரு சிறு படத்தைத் தந்து, அதைப் பற்றி ஒரே ஒரு முழு வாக்கியம் எழுதச் சொல்வார். மறுநாள் இரண்டு வாக்கியம். பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு வேற்றுமை ஈறு மாறுவது தமிழ் படித்த எனக்குப் புதிதன்று என்று நான் சொன்னதும், அப்படியானால் சலுகை தேவையில்லை என்று அடுத்த வாரமே ஆறு வேற்றுமைகளிலும் பயிற்சி கொடுத்தார். இந்த மடலை விடுமுறை முடிந்ததும் நானும் என் தோழியும் சேர்ந்து ஸ்லோவாக் மொழியில் எழுதப் போகிறோம். எழுதியதைத் திருத்தித் தர அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றவர்களின் கட்டுரைகளைப் போலவே அதற்கும் மதிப்பெண் இடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பு மாணவி,
போப்ராட்