ஓதுவதும் வாசிப்பதும்

மேலப்பாளையம்

அன்பு நண்பனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் இறைவன் அருளால் நலம். ஷார்ஜாவில் வளரும் உன் பேரப்பிள்ளைகள் அரபியைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறுநாளே புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள் என்று வருத்தத்துடன் எழுதியிருந்தாய். அங்கே தனியார் பள்ளிகளிலும் அரபி கட்டாயப் பாடம் என்பதால் அவர்களுக்கு அது மதிப்பெண்ணாகிவிட்டது. இங்கே நம் பிள்ளைகளுக்கு அது ஓசையாக மட்டும் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே குறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாம் இருவரும் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த லெப்பையிடம் பாயில் அமர்ந்து ஓதிய நாட்களை நினைத்துப் பார். அலிஃப், பே என்று தொடங்கி, ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிரொலிக் குறிகளைக் கூட்டி, குர்ஆனின் முப்பது பாகங்களான ஜுஸ்உகளையும் ஓதி முடித்த அன்று தெரு முழுவதும் இனிப்பு வழங்கினார்கள். ஆனால் ஒரு வரிக்கும் நமக்குப் பொருள் தெரியாது. லெப்பையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எந்த எழுத்து தொண்டையில் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அவர் அத்தனை பொறுமையாகப் பழக்கியதால்தான் இன்றும் என் நாக்குப் பிசகுவதில்லை. அந்த நாக்கை வைத்துக்கொண்டு ஒரு சிறு கதையைக்கூட வாசிக்கத் தெரியாமல் வளர்ந்துவிட்டோமே என்பதுதான் என் ஆற்றாமை.

சென்ற ஆண்டு நீ கொடுத்தனுப்பிய ஆறு படக்கதைப் புத்தகங்கள் இந்த வீட்டில் செய்த வேலையை உனக்குச் சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பேத்தி மாலையில் மக்தப் என்ற ஓதும் பள்ளி முடிந்து வந்ததும், சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தன் தாயின் பக்கத்தில் அமர்ந்து, வலப்புறத்திலிருந்து விரலை நகர்த்தி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். "யக்ரஉல் வலது", அதாவது பையன் வாசிக்கிறான், என்று வாசித்தவள் சட்டென்று நின்றாள். படத்தில் ஒரு பையன் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். "இது நான் ஓதுகிற சூராவில் வரும் இக்ரஃதானே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தமிழில் நாம் ஓதுவது வேறு, வாசிப்பது வேறு என்று இரண்டு சொல் வைத்திருக்கிறோம்; அரபியில் இரண்டுக்கும் ஒரே வினைதான். அந்தக் குழந்தை அதை எவரும் சொல்லாமலே பிடித்துவிட்டாள்.

அதன்பின் அவளை நிறுத்த முடியவில்லை. காஃப், தே, பே என்ற மூன்று எழுத்துகளைக் காட்டி, கிதாப் என்றால் புத்தகம், காதிப் என்றால் எழுதுபவர், மக்தபா என்றால் நூலகம், அவள் தினமும் போகிற மக்தபுக்கு எழுதும் இடம் என்று பொருள் என்றேன். அப்போது அவள் தாய் பீடிக் கூலியில் பாக்கி வர வேண்டியதைப் பற்றி ஏதோ சொல்ல, பாக்கியும் அரபிதான், மிச்சம் இருப்பது என்று பொருள் என்று சொல்லிவைத்தேன். அசல், நகல், வாரிசு, வசூல் என்று நாங்கள் எண்ணத் தொடங்கினோம். தாலுகா அலுவலகத்தில் கேட்கிற சொல்லெல்லாம் தன் பாடத்திலும் இருக்கிறது என்று அவளுக்கு ஒரே வியப்பு.

என் வாப்பும்மா, அதாவது வாப்பாவின் தாயார், கொழும்பிலிருந்த தம்பிக்கு அரபுத்தமிழில் கடிதம் எழுதியது உனக்கு நினைவிருக்கும். அரபியில் இல்லாத ப, ட, ழ முதலான ஒலிகளுக்கு அரபி எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டித் தமிழை எழுதிய முறை அது. தமிழ் எழுத்தே தெரியாத அந்த மூதாட்டி, வீட்டுக் கணக்கையும் மனக்குறையையும் அந்த எழுத்தில்தான் எழுதினார். எழுத்து ஓதுவதற்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அவருக்கு இருந்ததே இல்லை. நமக்கு எப்போது வந்தது என்றுதான் நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

உன் பேரன்களைக் கடிந்துகொள்ளாதே. பாடநூலின் செவ்வரபி ஒன்று, தெருவில் அரபிகள் பேசுவது இன்னொன்று. அரபிப் பிள்ளைகளே அந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள். போதாததற்கு, சிறுவர் நூல்களில் இருக்கும் ஜபர், ஜேர், பேஷ் குறிகள் பெரியவர்களின் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் இருப்பதில்லை. பொருள் தெரிந்தால்தான் ஓசையே சரியாக வரும். எனவே குறியிட்ட எளிய கதைகளையே நீண்ட நாள் வாசிக்கட்டும். தூங்கப்போகும் முன் பத்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து நீயும் கேள். தவறினால் உடனே திருத்தாதே, கதை என்ன ஆயிற்று என்று மட்டும் கேள். அபுதாபியில் 1979இல் தொடங்கிய மாஜித் சிறுவர் இதழின் பழைய பிரதிகள் கிடைத்தால் வாங்கிப் போடு, படத்துக்காகவாவது புரட்டுவார்கள்.

ஊருக்கு வரும்போது குறியிட்ட புத்தகங்கள் இன்னும் சில கொண்டுவா. மூத்த பேரனை என் பேத்திக்கு அரபியில் மூன்று வரிக் கடிதம் எழுதச் சொல். அவள் இப்போதே அதற்கென்று ஒரு நோட்டு வாங்கி, பின்பக்கத்தை முதல் பக்கமாக வைத்து, உன் பேரன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

உன் அன்பு நண்பன்