ஊசிக் குப்பை பற்றி: எல்லாரும் படிச்சிருங்க

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கிளினிக்கில் வேலை பார்க்கிற அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நேத்து ஒரு கிளினிக்கில் கூட்டிப் பெருக்குற அக்காவுக்குக் கையில் ஊசி குத்திருச்சு. சாப்பாட்டு இலையோட ஒரே பையில் கிடந்த ஊசி. எனக்கு இன்னும் மனசு ஆறல.

ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீங்க, விரலில் ஏறுறது அப்பத்தான். போட்ட கையோட கட்டரில் வெட்டி, ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் போட்டுருங்க. ஊசி நீக்கின சிரிஞ்ச், டிரிப் குழாய், கையுறை சிவப்புப் பைக்கு. ரத்தம் பட்ட பஞ்சு, நஞ்சுக்கொடி, காலாவதி மாத்திரை மஞ்சளுக்கு. கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு.

2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சு, நஞ்சுக்கொடி மாதிரிக் குப்பையை 48 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது. குப்பை எடுக்கிற வண்டி வரலைன்னா பொறுப்பாளரிடம் சொல்லுங்க. பின்பக்கம் எரிக்காதீங்க, கடற்கரையில் புதைக்கவே புதைக்காதீங்க. வாடைக்காத்தில் ஒரு அலை மணலை வாரினா எல்லாம் மேல வந்துரும். வெறுங்காலோட கரைவலை இழுக்கிறவங்க, பாசி எடுக்கப் போற நம்ம பொம்பளைங்க காலில்தான் ஏறும்.

குத்திட்டா பிதுக்காதீங்க, வாயில் வைக்காதீங்க. ஓடுற தண்ணியில் சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரம் தாண்டவே கூடாது. திட்டுவாங்கன்னு யாரும் மறைக்க வேண்டாம்.

மஞ்சள்காமாலை பி தடுப்பூசி 3 தவணையும் போடாதவங்க, முக்கியமா துப்புரவு வேலை பார்க்கிறவங்க பேரை சனிக்கிழமைக்குள் எனக்குத் தனியா அனுப்புங்க.