காசிக்குப் போற பெட்டியில கேஸ் வேண்டாமுங்க

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்திலிருந்து காசி, கயா என்று ஆள் திரட்டி ரயிலில் கூட்டிப்போகும் யாத்திரைக் குழுக்காரர்களுக்கு வணக்கமுங்க.

உங்கள் வேலை லேசுப்பட்டதல்ல. முட்டிவலிக்காரருக்கு லோயர் பெர்த் வேண்டும், சர்க்கரைக்காரருக்கு நேரத்துக்குச் சோறு வேண்டும், ரொட்டியைத் தொடாத ஆத்தாவுக்கு ரசம் வேண்டும். அதனால்தான் சமையல்காரரையும் கூட ஏற்றிக்கொள்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் அவரோடு சாக்கில் சுற்றி ஒரு அஞ்சு கிலோ சிலிண்டரும் ஏறுகிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல். கோவை ஜங்ஷனில் நானே பார்த்தேன். எந்தக் குழு என்பது இங்கே வேண்டாம். அரிசி மூட்டை என்று சீட்டுக்கடியில் தள்ளினார்கள், 'டங்'கென்று சத்தம் வந்தது. அரிசி அப்படிச் சத்தம் போடாதுங்க.

ரயில் பெட்டிக்கும் கேஸுக்கும் பழைய பகை உண்டு. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெட்டிக்குள் வெளிச்சமே கேஸ்தான். பெர்லின்காரர் ஜூலியஸ் பின்ச் எண்ணெயைக் காய்ச்சி எடுத்த கேஸை அழுத்தி அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். சிலிண்டர் பெட்டிக்கு அடியில் தொங்கும், குழாய் மேலேறிக் கூரை விளக்குக்குப் போகும். எண்ணெய் விளக்கைவிட நல்ல வெளிச்சம். வண்டி மோதாத வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

மோதியபோதுதான் வினை. இங்கிலாந்தில் 1910-ல் ஹாஸ் ஜங்ஷன் விபத்தில் 12 பேர், 1913-ல் ஏஸ் கில்லில் 16 பேர் செத்தார்கள். இரண்டிலும் பெட்டிகள் தீப்பிடித்தன. மாற்று வழி இல்லாமலும் இல்லை. 1890-களிலேயே ஸ்டோன் கம்பெனி, சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோவைச் சுற்றி, வண்டி நிற்கும்போது பேட்டரியில் விளக்கு எரியும்படி செய்துவிட்டது. ரயில் கம்பெனிகள் செலவுக்கு யோசித்து மெதுவாகவே மாறின. 1915 மே 22 அன்று ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில்லில் ராணுவ வீரர்களோடு வந்த வண்டி, நின்றுகொண்டிருந்த வண்டியில் மோதியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு எக்ஸ்பிரஸ் அந்தச் சிதைவுக்குள் பாய்ந்தது. மோதலுக்குக் காரணம் சிக்னல்காரர்களின் தவறு. ஆனால் பழைய மரப்பெட்டி, அடியில் கேஸ் சிலிண்டர், எஞ்சினிலிருந்து கொட்டிய நெருப்பு எல்லாம் சேர்ந்து, 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நம் ஊர் ரயிலிலும் அச்சு டைனமோதான் ரொம்ப காலம் ஓடியது. நின்றுபோன ஃபேனை சீப்பு விட்டுச் சுழற்றியவர்களுக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும். இப்போது எல்ஹெச்பி என்னும் புதுவகைப் பெட்டிகள் ஓடும் பல வண்டிகளில் மேலே போகும் மின்கம்பியிலிருந்து எஞ்சின் வழியாகவே விளக்குக்கும் ஏசிக்கும் கரண்ட் வருகிறது. இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய கேஸை நாம் மூட்டை கட்டி உள்ளே ஏற்றுகிறோம்.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து, லக்னோவிலிருந்து வந்த யாத்திரைக்காரர்களில் 9 பேர் இறந்தார்கள். திருட்டுத்தனமாக ஏற்றிய சிலிண்டரில் டீ போடப் போய் வந்த தீ. அந்தப் பெட்டி மோதவே இல்லை, சும்மா நின்றிருந்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படியும். கண்ணாடி மூடிய ஏசி பெட்டியில் அது எங்கே போகும்? லோயர் பெர்த்தில் படுத்திருப்பது யார் என்பது உங்களுக்கே தெரியும்.

ரயில்வே சட்டம் 164-ம் பிரிவில் இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அதைச் சொல்லி மிரட்ட நான் வரவில்லை. புளிசாதமும் கட்டுச்சோறும் முதல் நாளைக்குத் தாங்கும். வெந்நீருக்குப் பெரிய ஃபிளாஸ்க் போதும். ஐஆர்சிடிசி இ-கேட்டரிங்கில் சொல்லி வைத்தால் பெரிய ஸ்டேஷன்களில் சாப்பாடு சீட்டுக்கே வரும். அரிசிம்பருப்புச் சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு, இறங்குகிற ஊரில் தங்குமிடத்தில் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம். கூடுதல் செலவை டிக்கெட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அடுத்த யாத்திரை நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன், 'ரயிலில் அடுப்பு, சிலிண்டர் கிடையாது' என்று ஒரு வரி சேருங்கள். சமையல்காரரிடம் தனியாக வாயாலும் சொல்லிவிடுங்கள்; நோட்டீஸ் அவர் கைக்குப் போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் அடிக்கடி வரும் ஒரு பயணி