நொதியம் வாங்க முன் நோயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பற்றீரியா சுரக்கும் நொதியம் (என்சைம்) பயிரின் பூஞ்சண நோயை, அதாவது பங்கசு நோயை, அடக்கும் என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் எந்த நோயை என்று சொல்லாமல் விட்டால் தோட்டக்காரருக்குக் காசு வீண்.

பசிலசு, சூடோமோனசு போன்ற பற்றீரியாக்கள் சுரக்கும் கைற்றினேசு, குளுக்கனேசு என்ற நொதியங்கள், பங்கசின் கலச்சுவரை ஆக்கும் கைற்றின், குளுக்கான் என்ற பொருள்களை அறுக்கின்றன. சுவர் மெலிந்ததும் வளரும் இழைநுனி வெடித்துவிடும். வெங்காயக் குமிழை அழுகவைக்கும் பியுசேரியம் என்ற பங்கசுக்கு இது சரி. ஆனால் உருளைக்கிழங்கில் பிந்திய வெளிறல் நோயை உண்டாக்கும் கிருமிக்கும் நாற்றுமேடையில் நாற்றைச் சாய்க்கும் பித்தியத்துக்கும் கைற்றினேசு உதவாது. இந்த இரண்டு கிருமிகளும் உண்மையான பங்கசுகளே அல்ல. அவற்றின் சுவரில் குளுக்கானும் செலுலோசும்தான் அதிகம்.

முந்திரிகைக் (திராட்சை) கொடியில் இரண்டு வகையும் வரும். சாம்பல் தூவினாற்போல் படிந்து, விரலால் துடைக்க வந்தால் பங்கசு. மேலே மஞ்சள் பொட்டும் இலையின் அடியில் வெண்பஞ்சும் என்றால் பங்கசு அல்லாத மற்ற வகை.

நொதியம் ஒரு புரதம். வெயிலில் காய்ந்த இலையில் அதிகம் தாங்காது. அதனால் உயிருள்ள பற்றீரியாத் தூளே வாங்கத்தக்கது. தகரக் கொட்டிலில் வெந்துகிடந்த பைக்கற்றில் உயிர் மிஞ்சாது, திகதியையும் பாருங்கள். சூடோமோனசுத் தூள் என்றால் விதை கிலோவுக்கு 10 கிராம். நிலத்துக்கு எக்டயருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ மக்கிய மாட்டெருவில் கலப்பார்கள். நம் யாழ்ப்பாணக் கணக்கில் பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒன்று) ஏறத்தாழ 60 கிராம், எரு ஒன்றேகால் கிலோ. ஈர மண்ணில், மாலையில் போடவேண்டும்.

கெடுப்பது பெரும்பாலும் தொட்டியில் நடக்கும் கலவைதான். போர்டோக் கலவையோ வேறு செப்பு மருந்தோ சேர்ந்தால் பற்றீரியா செத்துவிடும். செப்பு அடித்த மெசினைக் கழுவாமல் ஊற்றினாலும் அதே கதி. குளோரின் போட்ட குழாய்நீரும் ஆகாது. நம் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறிக் காரம் கூடியது, ஆகவே கரைத்து வைக்காமல் அடிக்கும் நேரத்தில் கரையுங்கள்.

நம் மீன்பிடிக் கரைகளான குருநகரிலும் பாசையூரிலும் குப்பைக்குப் போகும் இறால், நண்டுக் கோதில் கைற்றின் நிறைய உண்டு. உப்புப் போகக் கழுவி, காயவைத்து, இடித்து மண்ணில் சேர்த்தால் கைற்றினை உண்ணும் பற்றீரியாக்கள் பெருகும். நடுகைக்கு மூன்று கிழமை முன்னரே சேர்க்கவேண்டும். உக்கும்போது வெளிவரும் அமோனியா இளவேரைக் கருக்கும். கோதில் சுண்ணாம்பும் உண்டு. நம் மண்ணில் அது ஏற்கெனவே போதுமான அளவு கிடப்பதால் கொஞ்சமாகவே தூவுங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உரும்பிராய்.